தகுதி இருக்கு... தோற்றம்தான் தடையா? வேலையிடத்தில் திருநர்கள் சந்திக்கும் பாகுபாடு - சட்டம் என்ன சொல்கிறது?

பட்டம் இருக்கிறது. பாடம் நடத்தத் தெரியும். இன்டர்வியூவில் தேர்வாகி வேலையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒரே வருட இடைவெளியில் இரண்டு மாநிலங்களில், இரண்டு தனியார் பள்ளிகளில் அந்த வேலையில் நிலைக்க முடியவில்லை. திருநங்கை ஆசிரியர் ஜேன் கௌஷிக் தொடர்ந்த இந்த வழக்கில்தான் 2025 அக்டோபர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது.

நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டதோடு நிற்கவில்லை. திருநர்களுக்கான சட்டம் 2019-லேயே வந்துவிட்டது, ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய அரசுகள் சும்மா இருந்துவிட்டன என்று கடுமையாகச் சாடியது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பாகுபாடுதான் என்பதே இந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கு ஓர் ஆசிரியரோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. 'ஆள் எப்படி இருக்கணும்' என்று வேலையிடங்கள் வைத்திருக்கும் எழுதப்படாத விதி, அந்த அச்சில் பொருந்தாத ஒருவரை என்ன செய்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விளக்கம்: திருநங்கைகள், திருநம்பிகள் எனப் பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து மாறுபட்ட பாலின அடையாளம் கொண்டவர்கள் அனைவருக்கும் பொதுவான சொல் 'திருநர்'.

ஜேன் கௌஷிக் வழக்கில் நடந்தது என்ன?

2022 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஜேன் வேலைக்குச் சேர்ந்தார். சில நாட்களிலேயே வேலை போனது. தன் பாலின அடையாளம் தெரியவந்ததுதான் காரணம் என்றார் அவர். பள்ளித் தரப்பு அதை மறுத்தது. அவருடைய பணித்திறனில்தான் குறை என்றது.

2023-ல் குஜராத் மாநிலம் ஜாம்நகரில் இன்னொரு பள்ளி. அங்கே பணி நியமனக் கடிதமே வந்துவிட்டது. ஆனால் அவருடைய பாலின அடையாளம் தெரிந்ததும் வேலையில் சேரவே விடவில்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு.

இரண்டு சம்பவத்திலும் ஒரு ஒற்றுமை இருக்கு. அவருக்கு வேலை தெரியுமா, தெரியாதா என்ற கேள்வி தேர்வு நேரத்திலேயே முடிந்துவிட்டது. சிக்கல் ஆரம்பித்தது 'இவர் யார்' என்பது தெரிந்த பிறகுதான்.

'தோற்றம்' எங்கே வருகிறது?

'நீங்கள் திருநங்கை, அதனால் வேலை இல்லை' என்று எந்த நிறுவனமும் எழுதிக் கொடுப்பதில்லை. அப்படி எழுதினால் அதுவே ஆதாரமாகிவிடும். அதனால் மறுப்பு வேறு வார்த்தைகளில் வருகிறது. 'கஸ்டமர் முன்னாடி நிக்கிற வேலை', 'பேரன்ட்ஸ் கேள்வி கேட்பாங்க', 'எங்க சூழலுக்கு செட் ஆகாது', 'பிரசன்டபிளா இருக்கணும்'... இவை எல்லாமே தோற்றத்தைப் பற்றிய வார்த்தைகள்தான்.

வேலை தேடும் பாதையில் ஒவ்வொரு படியிலும் இது ஒளிந்திருக்கிறது.

ரெஸ்யூமேவில் ஒட்டும் போட்டோ முதல் வடிகட்டி. போன் இன்டர்வியூவில் குரல் இரண்டாவது. பழைய சான்றிதழில் ஒரு பெயர், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் தோற்றம் வேறு என்றால், சான்றிதழ் சரிபார்ப்பு மூன்றாவது. இதையெல்லாம் தாண்டி உள்ளே போனால் சீருடை: எந்தப் பாலினத்துக்கான சீருடை? அதற்கும் அடுத்து கழிப்பறை.

திருநம்பிகளுக்கும் இதே கதைதான். தாடி, மீசை, கட்டையான குரலோடு வருபவரின் பள்ளிச் சான்றிதழில் பெண் பெயர் இருந்தால், கேள்விகள் வேலையைப் பற்றி இருக்காது.

இதில் இன்னொரு சுழலும் உண்டு. தங்கள் பாலினத்துக்கு ஏற்ற தோற்றத்தைப் பெற விரும்பும் திருநர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை, முகத்தில் முடி நீக்கும் லேசர் சிகிச்சை, அறுவை சிகிச்சை எனச் செலவு வரிசை கட்டி நிற்கும். அதற்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வேலை வேண்டும். அந்த வேலைக்கோ 'சரியான' தோற்றம் வேண்டும்! 2019 சட்டத்தின் 15-வது பிரிவு லேசர் சிகிச்சை உட்பட இந்தச் செலவுகளுக்குக் காப்பீடு வேண்டும் என்று சொல்வதற்குப் பின்னால் இந்த நிஜம் இருக்கிறது.

சரி, அடையாளம் வெளியே தெரியாத தோற்றம் உள்ளவர்களுக்கு நிம்மதியா? அதுவும் இல்லை. என்றைக்கு யாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். தெரிந்தால், 'ஏன் மறைத்தாய்' என்பதே அடுத்த குற்றச்சாட்டு. சொன்னாலும் வேலை இல்லை, சொல்லாவிட்டாலும் குற்றவாளி.

திருச்செந்தூர் பொறியாளரின் வழக்கு

தமிழ்நாட்டுக்கு இந்தப் பிரச்னை புதிதல்ல. திருச்செந்தூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியான திருநங்கை ஷானவி பொன்னுசாமி, ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் வேலைக்கு விண்ணப்பித்தார். அவர் அதற்கு முன்பே ஏர் இந்தியாவுக்கான வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்த்தவர். அதாவது, குரல் மட்டும் கேட்கும் இடத்தில் அவருக்கு வேலை இருந்தது. முகம் தெரியும் இடத்துக்குப் போக நினைத்தபோது கதவு திறக்கவில்லை.

பெண்களுக்கான பணியிடம் என்பதால் தன்னை ஒதுக்கினார்கள் என்று 2017-ல் அவர் உச்ச நீதிமன்றம் போனார். தேர்வில் தேவையான தகுதியை அவர் எட்டவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வேலையும் இல்லாமல், வழக்கும் நகராமல், 2018-ல் தன்னைக் கருணைக்கொலை செய்துவிடுமாறு குடியரசுத் தலைவருக்கே அவர் கடிதம் எழுதினார். நாடு முழுக்கச் செய்தியான கடிதம் அது.

2022 செப்டம்பரில் இந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், திருநர்களை வேலையிடங்களில் சேர்த்துக்கொள்ள ஒரு கொள்கையை உருவாக்குமாறு மத்திய அரசிடம் சொன்னது. அதற்குள் அவர் வழக்குத் தொடர்ந்து ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஏர் இந்தியாவே தனியார் கைக்குப் போய்விட்டது.

இதே காலகட்டத்தில் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கு வேறு மாதிரி முடிந்தது. பிரித்திகா யாஷினியின் காவல் உதவி ஆய்வாளர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2017-ல் காக்கிச் சட்டை போட்டுப் பணியில் சேர்ந்தார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? காவல்துறைத் தேர்வில் எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு என்று அளக்கக்கூடிய அளவுகோல் இருந்தது. எங்கே தடுத்தார்கள் என்பதைக் காகிதத்தில் காட்ட முடிந்தது, நீதிமன்றத்தால் அதைச் சரிசெய்யவும் முடிந்தது. முகத்தைப் பார்த்து எடுக்கும் முடிவை அப்படி அளக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

காகிதத்தில் பார்த்தால் பாதுகாப்பு வலுவாகவே இருக்கிறது.

2014 ஏப்ரல் 15-ல் வந்த நால்சா தீர்ப்பு இதன் அஸ்திவாரம். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடர்ந்த அந்த வழக்கில், ஒருவர் தன் பாலினத்தை உடை, பேச்சு, நடத்தை வழியாக வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரிவுக்குச் சாசனமே விதித்துள்ள வரம்புகளைத் தவிர, ஒருவரின் தோற்றத்துக்கோ உடைத் தேர்வுக்கோ வேறு கட்டுப்பாடு போட முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இதை நிதானமாகக் கவனிக்க வேண்டும். நிறம், எடை, உயரம் இவற்றைக் காரணமாக வைத்து ஒரு தனியார் நிறுவனம் யாரையாவது நிராகரித்தால், அதைத் தடுக்க இந்தியாவில் பொதுவான சட்டம் கிடையாது. ஆனால் பாலின வெளிப்பாடு என்ற அளவில், திருநர்களின் தோற்றத்துக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு இருப்பதாக உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அடுத்து வந்தது 2019-ம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 3-வது பிரிவு வேலை மறுப்பு, பணிநீக்கம் இரண்டையும் பாகுபாடு என்று தடை செய்கிறது. 9-வது பிரிவு ஆள்சேர்ப்பு, பதவி உயர்வு உட்பட எந்த விஷயத்திலும் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தனியார் நிறுவனங்களும் இதில் அடக்கம். 11-வது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும்.

2020-ல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாகக் காக்க வேண்டும். புகார் வந்தால் 15 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும்.

அப்படின்னா சிக்கல் எங்கே?

சட்டத்தின் 18-வது பிரிவில்தான். மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பிரிவு அது. கட்டாய வேலை வாங்குவது, பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுப்பது, வீட்டைவிட்டு வெளியேற்றுவது, உடல்ரீதியாகவோ மனரீதியாகவோ துன்புறுத்துவது ஆகியவற்றுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை என்கிறது 2019-ல் நிறைவேறிய சட்டம்.

அந்தப் பட்டியலில் 'வேலை மறுப்பு' இல்லை. 'தோற்றத்தைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவது' இல்லை. புகார் அலுவலரை நியமிக்காத நிறுவனத்துக்கு அபராதமும் இல்லை. ஒரு பிரிவு 'செய்யாதே' என்கிறது. 'செய்தால் என்ன ஆகும்' என்பதில் சட்டம் மௌனமாகிவிடுகிறது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள இன்னொரு சட்டத்தோடு ஒப்பிட்டாலே போதும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம், 10 பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் உள் புகார் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தின் செயல்பாட்டிலும் ஆயிரம் குறைகள் உண்டு. ஆனால் எச்.ஆர். துறைகளுக்கு அப்படி ஒரு குழு வேண்டும் என்பதாவது தெரியும். திருநர் சட்டத்தின் புகார் அலுவலர் யார் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இன்னொரு பக்கம், நிரூபிக்க வேண்டிய சுமை முழுக்க வேலை தேடுபவர் தலையில் விழுகிறது. காரணம் எழுத்தில் வருவதில்லை. வேலை கிடைக்காத ஒவ்வொருவரும் உச்ச நீதிமன்றம் வரை போக முடியுமா?

நிறுவனங்கள் சீருடை விதியே போடக் கூடாதா?

போடலாம். சுத்தமான உடை, பாதுகாப்புக்கான தலைக்கவசம், அடையாள அட்டை, ஒரே நிற சீருடை இவையெல்லாம் நிறுவனத்தின் உரிமைக்குள் வருபவை. ஒரு திருநங்கை ஊழியர் பெண்களுக்கான சீருடையில் வந்தால் அவரும் சீருடை விதியைப் பின்பற்றுகிறார் என்றுதான் அர்த்தம். அவர் எந்தப் பாலினத்துக்கான சீருடையை அணிய வேண்டும் என்று முதலாளி தீர்மானிக்கத் தொடங்கும்போதுதான் அது பாகுபாடாக மாறுகிறது.

அமெரிக்காவில் ஏமி ஸ்டீபன்ஸ் வழக்கில் நடந்தது இதுதான். மிச்சிகன் மாநிலத்தில் இறுதிச்சடங்கு சேவை நிறுவனம் ஒன்றில் சுமார் ஆறு வருடம் வேலை பார்த்தவர். தான் ஒரு திருநங்கை என்றும், இனி பெண்களுக்கான உடை விதிப்படி வேலைக்கு வருவதாகவும் 2013-ல் முதலாளிக்குக் கடிதம் கொடுத்தார். இரண்டே வாரத்தில் வேலை போனது. உடை விதிதான் அங்கே முதலாளி தரப்பின் முக்கிய வாதமாக இருந்தது.

2020 ஜூன் 15-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஊழியர் பக்கம் நின்றது. திருநர் என்பதற்காகப் பணிநீக்கம் செய்வது, பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சட்டத்துக்கு எதிரானது என்றது. அந்தத் தீர்ப்பைக் கேட்க ஏமி இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டார்.

இதற்கு முன்னோடியான வழக்கு 1989-ல் வந்தது. ஆன் ஹாப்கின்ஸ் என்ற பெண் அதிகாரிக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனபோது, இன்னும் 'பெண்மையோடு' நடக்கணும், உடுத்தணும், மேக்கப் போடணும் என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து ஒருவரை எடைபோடுவதும் பாலினப் பாகுபாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்போது சொன்னது. ஹாப்கின்ஸ் திருநங்கை அல்ல. ஆனால் அவர் வழக்கில் உருவான வாதம்தான் பின்னாளில் திருநர்களுக்குக் கைகொடுத்தது.

சில நாடுகள் இதை நேரடியாகவே சட்டத்தில் எழுதிவிட்டன. பிரான்ஸ் 2001-ல் 'உடல் தோற்றம்' என்பதைப் பாகுபாட்டுக் காரணங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சட்டத்தில் 'உடல் அம்சங்கள்', 'பாலின அடையாளம்' இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

வேலை கிடைத்தால் மட்டும் போதுமா?

2017-ல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. ஆனால் சேர்ந்த கொஞ்ச நாட்களிலேயே எட்டுப் பேர் வேலையை விட்டார்கள். காரணம் மெட்ரோ இல்லை. நகரத்தில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லை. கிடைத்த லாட்ஜ் அறைகளுக்கு, வாங்கும் சம்பளம் கட்டுப்படியாகவில்லை.

பள்ளிக்கூடமும் ஒரு காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்று பதிவானவர்கள் சுமார் 4.88 லட்சம் பேர். அவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 56 சதவீதம்தான். நாட்டின் மொத்த அளவோ 70 சதவீதத்துக்கு மேல். வகுப்பறையில் கேலி தாங்காமல் பாதியில் நின்ற பிள்ளைதான், பின்னாளில் 'தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பப்படுபவர். அந்தத் தடையையும் தாண்டிப் படித்து வந்த ஓர் ஆசிரியரைத் திருநர் என்பதற்காகத் திருப்பி அனுப்பினால், நஷ்டம் அவருக்கு மட்டுமில்லை. அவரைப் பார்த்துப் பள்ளியில் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய ஒரு மாணவருக்கும்தான்.

பாகுபாடு நடந்தால் என்ன செய்யலாம்?

* நியமனக் கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராமல் போனாலும், நீங்கள் கேட்டதற்குப் பதிவு இருக்கும்.

* நிறுவனத்தின் புகார் அலுவலர் யார் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, அவரிடம் புகார் கொடுங்கள். 15 நாட்களுக்குள் விசாரணை, அறிக்கை வந்த 15 நாட்களுக்குள் நிர்வாகத்தின் நடவடிக்கை என்பது விதி.

* பெயர், பாலினம் சான்றிதழ்களில் வேறுபட்டால், மாவட்ட ஆட்சியர் வழியாகப் பெறும் திருநர் அடையாளச் சான்றிதழ் கைகொடுக்கும். 2019 சட்டப்படி, அதை வைத்து மற்ற ஆவணங்களிலும் மாற்றம் செய்யலாம்.

* வழக்கு நடத்த வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கட்டணமில்லா எண் 15100.

அடுத்து என்ன?

ஜேன் கௌஷிக் தீர்ப்பில், டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானுவும் அதில் உறுப்பினர். வேலையிடங்களுக்கான சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க உதவுவது இந்தக் குழுவின் முக்கியப் பணி. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர், புகார் தெரிவிக்க நாடு தழுவிய கட்டணமில்லா எண் ஆகியவற்றுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கொள்கை வரட்டும். ஆனால் அதில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை மறுக்கும் நிறுவனம் காரணத்தை எழுத்தில் தர வேண்டுமா? விதியை மீறினால் அபராதம் உண்டா? 'தோற்றம்', 'பொருத்தம்', 'பிரசன்டபிள்' போன்ற வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாதபடி, பாலின வெளிப்பாடு என்ற சொல் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா?

இந்த மூன்றும் இல்லாவிட்டால், 2019 சட்டத்தோடு சேர்த்து அடுக்கி வைக்க இன்னொரு காகிதம் கிடைக்கும். அடுத்த ஜேனும் பாடப் புத்தகத்தோடு கோர்ட் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.